தொட்டிக்கு ஆறு லட்சம், வயருக்கு மட்டும் பேரமா?

நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் இப்போதே படியுங்கள், இல்லாதவர்கள் ராத்திரி படியுங்கள். படிக்காமல் கும்பிடு மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம்.

நம் ஆட்கள் வீடு கட்டும்போது டைல்ஸ் கடையில் ஏ.சி. காற்றில் உட்கார்ந்து, அவன் கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு, சதுர அடிக்குச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். குழாய் கடையிலும் அப்படித்தான். எலக்ட்ரீசியன் எஸ்டிமேட் கொடுத்தால் மட்டும் அத்தனை பேருக்கும் சந்தை ஞாபகம் வந்துவிடுகிறது. "பாதியாக்கிக் குடுப்பா" என்கிறார்கள். இந்தப் பழக்கத்தைத் திட்டுவதற்காகத்தான் இந்தப் பதிவு. திட்டு சில பேருக்கு நேராகவே விழும். பெயர் சொல்ல மாட்டேன், சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். என் தங்கை மகன், கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் கட்டியிருக்கும் வீட்டில் திறந்த மாடியில் 'ஹாட் டப்' வைக்கிறான். ஐந்து பேர் உட்காரும் சுடுதண்ணீர்த் தொட்டி. இறக்குமதி, விலை 6,40,000 ரூபாய். அவன் உழைத்துச் சம்பாதித்த பணம், வைத்துக்கொள்ளட்டும். அதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. அந்தத் தொட்டிக்கு மின்சாரம் கொண்டுபோக ஒருவர் 48,500 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளை அதைப் படம் பிடித்துக் குடும்பக் குரூப்பில் போட்டு, "தொட்டிக்கு வயர் இழுக்க இவ்வளவாம், பகல் கொள்ளை" என்று எழுதினான். கீழே சிரிப்பு பொம்மைகள். ஒரு சித்தப்பா, "என் ஆளு பதினெட்டாயிரத்துல முடிச்சுடுவான்" என்று நம்பரும் போட்டுவிட்டார்.

எஸ்டிமேட்டில் பெயரை மறைத்துவிட்டான். கையெழுத்தை மறைக்கவில்லை. அந்தக் கையெழுத்தில் எழுதிய ரெக்கார்டு நோட்டுகளை இரண்டு வருடம் திருத்தியவன் நான். பிளஸ் டூவில் என்னிடம் இயற்பியல் படித்து, ஐ.டி.ஐ. முடித்து, வயர்மேன் லைசென்ஸ் வாங்கி, இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவன். ஆக, கொள்ளைக்காரன் என்று சொல்லப்பட்டவன் என் மாணவன், சொன்னவன் என் மருமகன். நான் யார் பக்கம் என்று கேட்டுச் சில பேர் தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறீர்கள். எஸ்டிமேட்டை வரிவரியாகப் பார்த்தேன். என் மாணவன் பக்கம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 35 மீட்டர் மூன்று கோர் ஆர்மர்டு கேபிள், 6 ஸ்கொயர் எம்.எம்., மீட்டர் 420 வீதம் 14,700. ஆர்.சி.சி.பி., எம்.சி.பி., பெட்டி எல்லாம் சேர்த்து 6,300. தொட்டி பக்கத்தில் மழை புகாத பெட்டியில் ஒரு ஐசொலேட்டர் 3,500. புது எர்த் குழி, அதிலிருந்து தொட்டி வரைக்கும் எர்த் கம்பி 11,000. பைப், கிளாண்டு, லக், கிளாம்பு 4,000. இரண்டு ஆள் நான்கு நாள் கூலி 9,000. மொத்தம் 48,500. தொட்டி விலையில் நூற்றுக்கு எட்டு ரூபாய்கூட இல்லை. இரண்டு ஆள் நான்கு நாள் வேலை செய்து ஒன்பதாயிரம் கேட்பது கொள்ளை என்றால், நாம் வாங்கிய சம்பளத்துக்கெல்லாம் என்ன பெயர் வைப்பது?

பதினெட்டாயிரத்துக்காரர் இதில் எதையெல்லாம் விட்டார்? கேட்டு வாங்கிப் பார்த்தேன். புது கேபிள் கிடையாது, மாடி பாத்ரூம் கீசருக்குப் போகும் லைனிலேயே எடுத்துவிடுவார். எர்த் குழி கிடையாது, "பழைய எர்த் இருக்குங்க, போதும்." ஆர்.சி.சி.பி. கிடையாது, "அது போட்டா சும்மா சும்மா விழுந்துட்டே இருக்கும் சார்." ஐசொலேட்டர் எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. அதாவது ஒரே வேலையை மலிவாகச் செய்யவில்லை அவர். வேலையையே செய்யாமல் விடுகிறார், அதற்குப் பதினெட்டாயிரம்.

கீசர் லைனில் எடுத்தால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சின்னப் பாடம். கரும்பலகை இல்லை, மனசில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக் கீசர் 2 கிலோவாட். 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கும் குறைவு, அதுவும் கால் மணி நேரம் ஓடும், நின்றுவிடும். இந்தத் தொட்டியில் ஹீட்டர் மட்டும் 3 கிலோவாட். 1,200 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குக் கொண்டுபோக 18 யூனிட் வேண்டும். ஹீட்டர் ஒரே மூச்சில் ஆறு மணி நேரம் ஓட வேண்டும். அதற்குப் பிறகு ஆட்கள் இறங்கி, ஜெட் பம்ப் இரண்டும் காற்று ஊதியும் சேர்ந்து ஓடும்போது மொத்தம் ஆறரை கிலோவாட், 28 ஆம்பியர்.

கீசர் லைன் 2.5 ஸ்கொயர். அந்தக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு ஏழரை ஓம் அளவுக்கு மின்தடை. 30 மீட்டர் தூரம், போக வர 60 மீட்டர், ஏறத்தாழ 0.44 ஓம். மின்னோட்டத்தின் வர்க்கம் பெருக்கல் மின்தடை என்று நூறு தடவை எழுத வைத்தேனே, யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? 28 × 28 × 0.44. கிட்டத்தட்ட 350 வாட். சுவருக்குள் புதைத்த பிளாஸ்டிக் பைப்பில் பழைய அறுபது வாட் குண்டு பல்பு ஆறு எரிவதற்குச் சமமான சூடு. நீளம் முழுக்கப் பரவுகிறதே என்று வக்கீல் மாணவர்கள் வாதாடலாம். பரவும். ஆனால் ஒழுங்காக முறுக்காத ஒரு ஜாயிண்டில் சூடு பரவாது, அங்கேயே உட்காரும். கருகுவது அங்கேதான். 6 ஸ்கொயர் போட்டால் இதே கணக்கு 150 வாட்டுக்குள் முடிகிறது, அதுவும் சுவருக்கு வெளியே, காற்றோட்டத்தில்.

இதைவிட மோசமானது அடுத்து நடக்கும். கீசர் லைனில் இருப்பது 20 ஆம்பியர் எம்.சி.பி. 28 ஆம்பியர் ஓடினால் கொஞ்ச நேரத்தில் விழத்தான் செய்யும், அதன் வேலையே அது. மாப்பிள்ளை உடனே போன் போடுவான். அந்த ஆள் வந்து 20ஐக் கழற்றிவிட்டு 32 போட்டுவிட்டுப் போவார். இனி விழாது, எல்லாருக்கும் சந்தோஷம். கம்பி எரிந்தால்கூட விழாது. எத்தனை வீட்டு டி.பி.யில் இந்த வைத்தியத்தை நானே பார்த்திருக்கிறேன் தெரியுமா? கிரகப்பிரவேசத்துக்குப் போனால் எல்லாரும் பூஜையறைக் கதவையும் கிச்சன் கல்லையும் தடவிப் பார்ப்பார்கள். நான் டி.பி. மூடியைத் திறந்து பார்ப்பேன். "வாத்தியாருக்கு வேற வேலை இல்ல" என்று சொல்கிறீர்கள் என்பதும் தெரியும்.

இப்போது எர்த்துக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் வருகிறேன். இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியாது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சாவு வீட்டுக்குப் போனேன். ஊர் சொல்ல வேண்டாம். கட்டி ஏழு வருடம் ஆன நல்ல வீடு. கீசரில் கசிவு, குழாயைத் தொட்ட பிள்ளை போய்விட்டது. அந்தத் தகப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். "எம்.சி.பி. விழவே இல்லையே சார், ஏன் சார் விழல?" நல்ல கம்பெனி எம்.சி.பி. அதில் எந்தக் கோளாறும் இல்லை. அது விழாது. மனிதனுக்காக விழும் கருவி இல்லை அது.

16 ஆம்பியர் எம்.சி.பி. 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் யோசிக்கவே ஆரம்பிக்கும். நனைந்த உடம்பின் மின்தடையை ஆயிரம் ஓம் என்று வைத்தால் 230 வோல்ட்டில் உடம்பு வழியாகப் போவது 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். பத்து, பதினைந்து மில்லி ஆம்பியரிலேயே பிடித்த கையை விட முடியாது. ஐம்பது, நூறு என்று போனால் இதயம் துடிப்பதை விட்டு நடுங்க ஆரம்பிக்கும். எம்.சி.பி.க்கு இந்த 0.23 ஒரு தூசு. ஒரு அறுபது வாட் பல்பு எரிகிறது என்றே அது நினைத்துக்கொள்ளும்.

"எர்த் இருக்கே சார்" என்பீர்கள். இருக்கட்டும். நம் வீடுகளில் எர்த் என்பது காம்பவுண்டு ஓரத்தில் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த ஒரு பைப். ஏழு வருடமாக யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். அதன் மின்தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம், சித்திரை வெயிலில் அதற்கு மேலும் போகும். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த்துக்கு 2 ஓம். கசிவு வந்தால் ஓடக்கூடிய மின்னோட்டம் 230 வகுத்தல் 22, பத்தரை ஆம்பியர். 32 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு விழுமா? கீசரின் 16கூட விழாது. கசிவு ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டியின் உலோக பாகங்கள் இருநூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும். எர்த் கம்பி ஒழுங்காகவே மாட்டியிருந்தும் இந்த நிலை. எர்த்தையும் நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கி வைக்கும் மகானுபாவர்கள் வேறு இருக்கிறார்கள். காற்றுமழையில் நியூட்ரல் அறுந்தால் அந்த வீட்டில் கிரைண்டரிலிருந்து ஃபிரிட்ஜ் கதவு வரை எல்லாமே ஷாக் அடிக்கும்.

ஆர்.சி.சி.பி. செய்வது வேறு வேலை. ஃபேஸில் போன மின்னோட்டம் முழுதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. இரண்டு கம்பியும் ஒரே வளையத்துக்குள் போகின்றன. சமமாக இருந்தால் காந்தப்புலம் ஒன்றையொன்று அழித்துவிடும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால்கூட, அது வேறு வழியாக, ஒருவேளை ஒரு மனிதன் வழியாகப் போகிறது என்று வைத்து 0.3 நொடிக்குள் வெட்டிவிடும். பெரிய கசிவாக இருந்தால் இன்னும் வேகமாக. நான் பாடமாக நடத்திய ஃபாரடேயின் தூண்டல் விதிதான், வேறு மந்திரம் இல்லை. விலை ஒன்றரை ஆயிரத்திலிருந்து மூவாயிரம் வரை. மாப்பிள்ளை அந்தத் தொட்டிக்குக் கலர் கலராக மாறும் விளக்குக்கு இதைவிட அதிகம் கொடுத்திருக்கிறான்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடிக்கும் புத்திசாலியை ஆர்.சி.சி.பி. காப்பாற்றாது. அதிக லோடுக்கும் அது விழாது, அதற்கு எம்.சி.பி. தனியாக வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் பாதுகாப்பு.

"அடிக்கடி விழுது" என்ற புகாருக்கு வருவோம். காரணமில்லாமல் விழுவது அபூர்வம். இன்வெர்ட்டர் போட்டவர் நியூட்ரலைக் கலந்து வைத்திருப்பார், அல்லது இரண்டு லைனுக்கு ஒரே நியூட்ரல் இழுத்திருப்பார், அல்லது உண்மையிலேயே ஒரு பழைய ஹீட்டர் கசிந்துகொண்டிருக்கும். அதைத் தேட ஒரு நாள் ஆகும், தேடுகிறவனுக்கு ஒரு நாள் கூலி கொடுக்க வேண்டும். அந்தக் கூலிக்கு அழுதுகொண்டு, கருவியையே பைபாஸ் செய்கிறார்கள். நாய் குரைக்கிறது என்று நாயை விற்றுவிட்டுக் கதவைத் திறந்து போட்டுத் தூங்குகிற கதை.

நியூ ஜெர்சியிலும் டல்லாஸிலும் இருக்கும் என் மாணவர்கள் சிலர் குரூப்புக்கு வெளியே எனக்கு எழுதினார்கள். அங்கே கொல்லைப்புறத்தில் இந்தத் தொட்டி வைப்பது சாதாரணம். வயரிங் செலவைப் பற்றி அவர்களும் புலம்புகிறார்கள், ஆயிரம் டாலருக்கு மேல் போவது சகஜம். ஆனால் அங்கே பேரம் பேசி விட்டுவிட முடியாத சில விஷயங்கள் உண்டு. பெரிய தொட்டி என்றால் 240 வோல்ட், 50 ஆம்பியரில் தனி லைன். கசிவைக் கண்டு வெட்டும் ஜி.எஃப்.சி.ஐ., அதுவும் நம் 30 இல்லை, 5 மில்லி ஆம்பியர் அளவிலேயே வெட்டும். தொட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் இடத்தில், ஆனால் உட்கார்ந்தபடி கை எட்டாமல் குறைந்தது 5 அடி தள்ளி, மொத்த மின்சாரத்தையும் நிறுத்தும் ஸ்விட்ச். ஊர் நிர்வாகத்தின் பெர்மிட், வேலை முடிந்ததும் இன்ஸ்பெக்டர். என் மாணவன் எஸ்டிமேட்டில் 3,500 ரூபாய்க்கு எழுதிய ஐசொலேட்டர் இதே ஸ்விட்ச்தான். அவன் அமெரிக்கா போனதில்லை. தொட்டியோடு வந்த கையேட்டை உட்கார்ந்து படித்திருக்கிறான். மாப்பிள்ளை படித்தானா என்று தெரியவில்லை.

அந்த ஜி.எஃப்.சி.ஐ.யை உருவாக்கியவர் சார்லஸ் டால்சீல், கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர். தானாக முன்வந்த ஆட்களின் கையில் மின்கம்பியைக் கொடுத்து, எந்த அளவு வரைக்கும் விட முடிகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குப் பத்தரை. இந்த மாதிரி எண்களிலிருந்துதான் 1960களில் அந்தக் கருவி பிறந்தது. யாரோ ஒரு கம்பெனி நம் தலையில் கட்டுவதற்காகக் கண்டுபிடித்த சாமான் என்று நினைக்க வேண்டாம். இந்தத் தொட்டி பிறந்த கதையும் சுகபோகக் கதை இல்லை. ஜக்குசி குடும்பத்தில் ஒரு பையனுக்குச் சின்ன வயசிலேயே மூட்டுவாதம். ஆஸ்பத்திரியில் கொடுத்த நீர்ச் சிகிச்சையை வீட்டிலேயே கொடுக்க, பம்ப் செய்யும் தொழிலில் இருந்த அப்பா குளியல் தொட்டிக்குள் வைக்கும் பம்ப் ஒன்றைச் செய்தார். ஒரு பிள்ளையின் வலியைக் குறைக்க வந்த பொருள் அது.

நம் நாட்டில் விதி இல்லை என்றும் சொல்ல முடியாது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகளிலேயே கசிவுப் பாதுகாப்புக் கருவி பற்றி எழுதியிருந்தது. வயரிங் எப்படி இருக்க வேண்டும், எர்த் எப்படிப் போட வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணயங்கள் தனித்தனியாக இருக்கின்றன. வீட்டுக்குள் வந்து மூடியைத் திறந்து பார்க்க ஆள்தான் இல்லை. அந்த இடத்தில் நமக்கு மிச்சம் இருப்பது எலக்ட்ரீசியனின் மனசாட்சி ஒன்றுதான். அதைத்தான் பேரத்தில் முதலில் வெட்டுகிறோம்.

ஏமாற்றும் எலக்ட்ரீசியன்களே இல்லையா? இருக்கிறார்கள். 90 மீட்டர் காயில் எழுதி அறுபது மீட்டர் இழுத்துவிட்டு மிச்சத்தை வண்டியில் ஏற்றுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அதற்கு வழி விலையைப் பாதியாக வெட்டுவது இல்லை. எத்தனை ஸ்கொயர், எத்தனை மீட்டர், எந்த மேக், ஆர்.சி.சி.பி. எத்தனை மில்லி ஆம்பியர், எர்த் அளந்தால் எத்தனை ஓம் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிறவரை அனுப்பிவிடுங்கள். என் மாணவன் கேட்காமலே எழுதிக் கொடுத்திருந்தான். அதைத்தான் படம் பிடித்துச் சிரித்தார்கள்.

இந்தப் பத்து நாளில் எனக்கு மனசு விட்டுப்போனது அதில்தான். அவனிடம் போனில் பேசினேன். கோபப்படவே இல்லை. "விடுங்க சார், ஆர்.சி.சி.பி.ய எடுத்துட்டுக் குடுன்னு கேட்டாங்க, முடியாதுன்னுட்டேன். வேற வேலை இருக்கு" என்றான். போன வருடத்தில் இப்படி மூன்று வேலை கைவிட்டுப் போயிருக்கிறதாம். எடுத்திருந்தால் அவனுக்கு நஷ்டமே இல்லை, அந்தத் தொட்டியில் உட்காரப் போகிறவன் அவன் இல்லையே. டாக்டர் எழுதிய மருந்தில் பாதியை வெட்டிக் கொடு என்று நாம் யாரும் கேட்பதில்லை. டாக்டர் கோட் போட்டிருக்கிறார். இவன் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் செருகியிருக்கிறான். அந்த வித்தியாசம்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. மாப்பிள்ளை, குரூப்பில் போட்ட அந்தப் படத்தை இன்று சாயங்காலத்துக்குள் எடுத்துவிடு. எடுத்துவிட்டு அவனுக்குப் போன் செய். மின்பளுவை உயர்த்த இ.பி.க்கு எழுத வேண்டியதையும் அவனிடமே கேள். பணம் இடிக்கிறது என்றால் கலர் விளக்கை அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம். அந்தத் தொட்டியில் முதலில் குதிக்கப் போவது உன் இரண்டு வாண்டுகள் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் டி.பி.யைத் திறந்து பாருங்கள். அகலமான ஒரு ஸ்விட்சும் பக்கத்தில் 'டி' என்று எழுதிய சின்ன பட்டனும் இருந்தால் அதுதான் ஆர்.சி.சி.பி. கம்ப்யூட்டர், டி.வி. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்த பட்டனை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது செத்த கருவி, மாற்றுங்கள். மாதம் ஒரு முறை அழுத்துங்கள். பட்டனே இல்லாதவர்கள் உங்கள் ஊர் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள், பேரம் பேசாமல். விழுந்ததா, விழவில்லையா, பட்டனே இல்லையா என்று கீழே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் படிப்பேன்.